டோரண்டில் இறக்கும் பாட்டும் ஹக்குல் இபாதும்

இசை கூடுமா, கூடாதா என்பது தனி பயான். நாகூர் ஹனிபா பாட்டாகவே இருக்கட்டும், அதை டோரண்டில் இறக்கும் வாலிபர்களிடம் பேசுகிறேன்.

"நான் விற்கலையே ஹஜ்ரத், கேட்கத்தானே?" என்கிறீர்கள். ஆனால் பாட்டின் ஒரு துண்டு உங்கள் போனுக்கு வந்ததுமே, டோரண்ட் அதை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பவும் தொடங்கிவிடுகிறது. வாங்கியவரே கொடுத்தவராகவும் ஆகிறார். உங்கள் ஐ.பி. முகவரியும் அவர்களுக்குத் தெரியும்.

1957 பதிப்புரிமைச் சட்டம் 63வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் தக்க காரணம் காட்டி நீதிபதி குறைக்கலாம், அது அவர் கையில். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2022ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வளைகுடா வேலைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போகிற பிள்ளை மீது இப்படி ஒரு வழக்கு இருந்தால்?

நூலாசிரியரின் உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமை, அதில் கைவைக்கக் கூடாது என்று 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. பாட்டு எழுதியவருக்கும் அதே ஹக்குதான். ஆக இது ஹக்குல் இபாத். தவ்பா மட்டும் போதாது, உரியவர் மன்னிக்க வேண்டும். எழுதியவர், பாடியவர், வெளியிட்டவர் என்று எத்தனை பேரைத் தேடிப் போவீர்கள்?

வீட்டுக்குப் போனதும் அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள். இறக்கி முடித்த பாட்டு இன்னும் 'சீடிங்' என்று ஓடிக்கொண்டிருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.