விலையில்லாத ஆலோசனைக்கும் பொறுப்புண்டு



பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்துவிட்டால், அல்லது பிறந்தநாள் வந்துவிட்டால், வளர்ப்பு மீன் விற்கும் கடையை நாடிச் செல்லும் பெற்றோர் இன்று பலர். பிள்ளை விரல் நீட்டிய மீனை வலையால் கோலி எடுக்கிறார்கள். பொலித்தீன் பையில் நீரும் காற்றும் நிரப்பி, வாயை இறுகக் கட்டிக் கையில் கொடுக்கிறார்கள். ஒரு கண்ணாடித் தொட்டியும் வாங்கியாயிற்று. புறப்படும் வேளையில் தந்தையார் கேட்கிறார்: "இதை எப்படித் தம்பி வளர்க்கிறது?" கடையில் நிற்கும் இளைஞன் சொல்கிறான்: "பெரிய வேலை ஒன்றுமில்லை ஐயா. காலையும் பின்னேரமும் கொஞ்சம் சாப்பாடு போடுங்கோ. கிழமைக்கு ஒருக்கால் தண்ணியை முழுக்க மாத்தி, தொட்டியை நல்லாக் கழுவி விடுங்கோ."

ஒரு கிழமை கழியுமுன்னரே பல வீடுகளில் அந்த மீன் செத்து மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. "அழாதே, வேறொன்று வாங்கலாம்" என்று ஆறுதல் சொல்லி மீண்டும் அதே கடைக்குப் போகிறோம்.

உலகிலே எத்தனையோ பெரிய அநீதிகள் இருக்க, ஒரு மீன்கடைச் சொல்லை ஆராய்வதா என்று சிலர் கேட்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பழமையான ஓர் ஒழுக்கவியற் கேள்வி அடங்கியிருக்கிறது. விற்பவன் தான் விற்கும் பொருளைப் பற்றி எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன்? காசு வாங்காமற் சொல்லும் ஆலோசனைக்கும் அவன் பொறுப்பாளியா? மருந்துக் கடையிலும், பயிருக்குத் தெளிக்கும் நஞ்சு விற்கும் கடையிலும் நாம் இதே நம்பிக்கையோடுதான் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

தெளிந்த நீரில் தெரியாத நஞ்சு

முதலில் காரியத்தை விளங்கிக்கொள்வோம். மீன் தன் உடற்கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே நீரில் விடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பரந்த நீரிலே கரைந்து போகும். சிறு தொட்டியிலோ அது சேர்ந்துகொண்டே வரும். அமோனியா மீனுக்கு நஞ்சு. இதற்கு இயற்கையே ஒரு மாற்று வைத்திருக்கிறது. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரைற்றும் நஞ்சே, நைத்திரேற்று ஓரளவுக்கு மீனால் தாங்கக்கூடியது. இந்த நுண்ணுயிர்களின் வேலையை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவிலேயே எடுத்துக்காட்டினார்.

இவை கற்களிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. இன்று வாங்கிய புதுத் தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. பெருகி நிலைகொள்ளச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். எனவே முதல் நாளே தொட்டி நிறைய மீனை விட்டால், அவை தமது நஞ்சிலேயே நீந்துகின்றன. நைத்திரைற்று குருதியிற் கலந்து ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கெடுக்கிறது. மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. காற்றுப் போதவில்லை என்று எண்ணிக் கடைக்கு ஓடுகிறோம். அங்கே காற்றடிக்கும் கருவியொன்றும் மருந்துப் போத்தலொன்றும் விற்கப்படுகின்றன. உண்மையில் அந்நேரம் செய்யவேண்டியது தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும், உணவைக் குறைப்பதுமே.

கிழமைதோறும் எல்லாவற்றையும் கழுவச் சொன்ன ஆலோசனையின் விளைவையும் பாருங்கள். கல்லையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஊழியர்களையும் கழுவி ஊற்றிவிடுகிறோம். தொட்டி மறுபடியும் முதல் நாள் நிலைக்கே போய்விடுகிறது. நீரிற் காற்பங்கை மட்டும் மாற்றி, பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவதே முறை.

நீரும் ஊருக்கு ஊர் வேறுபடும். கொழும்பில் குழாய் நீரிலே குளோரீன் உண்டு. அது மீனையும் தாக்கும், பற்றீரியாவையும் கொல்லும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணக்கல்லினூடு ஊறி வருவது. வன்மையும் காரத்தன்மையும் உடையது. காரமும் வெப்பமும் கூடிய நீரில் அமோனியாவின் கூடிய பங்கு கொடிய வடிவத்தை எடுக்கிறது. ஓரிடத்திற் கேட்ட அறிவுரையை இன்னோரிடத்தில் அப்படியே ஒப்புவிப்பது எவ்வளவு தவறு என்பது இதனாற் புலனாகும்.

பாதி உண்மைகள்

கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் மூன்று வார்த்தைகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

"தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும்" என்பது ஒன்று. சாதாரண தங்கமீன் எட்டு அங்குலத்துக்கு மேலும் வளரக்கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு களியாட்ட விழாவிற் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன் 1999ஆம் ஆண்டு, தன் 43ஆவது வயதிலே இறந்தது. சிறு கிண்ணத்தில் மீன் சிறிதாயிருப்பது குறுகிய இடமும் கெட்ட நீரும் அதன் வளர்ச்சியைக் கெடுப்பதால். உரோமை மாநகரசபை 2005ஆம் ஆண்டில் வட்டக் கிண்ணங்களில் தங்கமீன் வைப்பதையே தடைசெய்தது.

"பைட்டருக்குக் காற்று வேண்டாம், போத்தலே போதும்" என்பது இரண்டாவது. இம்மீன் மேலே வந்து காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு உடையது என்பது உண்மை. ஆனால் அதுவும் அமோனியாவைக் கழிக்கிறது. அதற்கும் தூய நீர் வேண்டும். இங்கே உண்மையின் ஒரு பாதி சொல்லப்பட்டது. மறு பாதி விழுங்கப்பட்டது.

"இந்த மீன் தொட்டியைத் துப்புரவாக்கும்" என்பது மூன்றாவது. தொட்டிச் சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு திரியும் இந்தத் தென்னமெரிக்க மீன் பாசியைச் சிறிது தின்னும்; ஆனால் அதுவும் கழிவை விடும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பின் தொட்டியில் இடமில்லை. கொல்ல மனமில்லாதவர் வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார். இவ்வாறு விடப்பட்ட மீன்கள் இன்று இலங்கையின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகி, எமது மண்ணுக்கே உரிய மீன்களுக்கு இடையூறாகிவிட்டன. கடையிற் சொல்லாமல் விட்ட ஒரு வசனத்தின் விலையை யாரோ, எங்கேயோ கொடுக்கிறார்கள்.

மௌனமும் மறைப்பும்

கி.மு. 44இல் உரோமைய அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலிலே ஒரு வணிகனின் கதை வருகிறது. ரோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலுடன் ஒரு நேர்மையான வணிகன் வந்து சேர்கிறான். தன் பின்னால் வேறு பல கப்பல்களும் வருகின்றன என்பதை அவன் அறிவான். தீவு மக்கள் அறியார். அவன் அதைச் சொல்ல வேண்டுமா, அல்லது வாயை மூடிக்கொண்டு கூடிய விலைக்கு விற்கலாமா? மௌனம் வேறு, மறைப்பு வேறு. சட்டம் கேட்கும் அளவுக்குக் குறைகளைச் சொன்னாற் போதும் என்றார் டயோஜினிஸ் என்னும் தத்துவஞானி. அவருடைய மாணவர் அந்திபாத்தரோ, மனிதர் ஒரே சமுதாயத்தைச் சேர்ந்தவர்; வாங்குபவன் அறிய வேண்டியதெல்லாம் சொல்லப்பட வேண்டும் என்றார். தன் இலாபத்துக்காகப் பிறரை அறியாமையில் வைத்திருப்பது மறைப்பே என்று கூறி, சிசரோ மாணவரின் பக்கம் சாய்ந்தார்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதே வழக்கை எடுத்து நுட்பமாகப் பிரித்தார். நாளை விலை விழும் என்பதைச் சொல்லாத வணிகன் நீதியை மீறவில்லை. சொன்னால் அது உயர்ந்த நற்பண்பு. பொருளின் குறையோ வேறு காரியம். ஒற்றைக்கண் குதிரையின் குறை எவர் கண்ணுக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மறைந்திருந்து நட்டத்தையோ ஆபத்தையோ விளைக்கும் குறையை விற்பவன் சொல்லியே ஆக வேண்டும்.

எமது மீன்தொட்டி இவற்றுள் எதைச் சேர்ந்தது? அமோனியாவுக்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், மீன் செத்துக்கொண்டிருக்கும். வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இது. ஆகவே "நான் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்" என்பது சாட்டாகாது. எதைக் கேட்க வேண்டும் என்பதையே அறியாதவர்தாம் புதிதாக வாங்க வருபவர்.

நாட்டின் சட்டமும் இதை ஓரளவுக்கு உணர்ந்திருக்கிறது. பொருள் எதற்காக வேண்டும் என்று வாங்குபவர் அறிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், வழமையாக அப்பொருளை விற்கும் கடைக்காரர் அதன் தகுதிக்குப் பொறுப்பாகலாம் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே காணப்படும் கோட்பாடு. நம்பியவருக்கும் நம்பப்பட்டவருக்கும் இடையே ஒரு பிணைப்பு உண்டாகிறது என்பதே இதன் உட்கருத்து. ஆலோசனைக்குத் தனியே விலை போடாவிட்டாலும், மீன் விலைபோனது அந்த ஆலோசனையின் பலத்தினாலன்றோ?

மூவகை விற்பனையாளர்

பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவல்ல. அறிந்தே மறைப்பவர் ஒருவர். மீன் செத்தால் இன்னொன்று விற்கலாம் என்று கணக்குப் பார்க்கும் இவர் செய்வது வஞ்சனை. அறிந்திருந்தும், வாங்க வந்தவரின் முகம் கோணாதிருக்க உண்மையை மென்மையாக்கிச் சொல்பவர் இன்னொருவர். இவருடைய குறை துணிவின்மை. மூன்றாமவரே பெருந்தொகையினர்: அறியாமலே அறிந்தவர்போல் பேசுபவர்.

ஒழுக்கவியலார் அறியாமையை இரண்டாக வகுப்பர். முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை குற்றமாகாது. நீக்கக்கூடியதாயிருந்தும் நீக்காமல் விட்ட அறியாமைக்கு மனிதன் பொறுப்பாளி. பல ஆண்டுகள் மீன் விற்றவர் எந்த வகையைச் சேர்ந்தவர்? தம்முடைய பழகிய தொட்டியிலே நலமாக நீந்திய மீன், வீட்டுத் தொட்டிக்குப் போய் ஒரு கிழமையிற் சாவது ஏன் என்று ஒருநாளாவது அவர் தம்மைத் தாமே கேட்டிருக்க வேண்டாமா?

கடையில் நிற்கும் இளைஞனை மட்டும் குறை சொல்வதும் நீதியன்று. பாடசாலையை விட்டு வந்த பிள்ளை, குறைந்த சம்பளம், முதலாளி சொல்லிக் கொடுத்த நாலு வார்த்தை. அவனை அறிவுரை கூறும் இடத்தில் நிறுத்தியவர் அவனுக்கு அறிவையும் கொடுத்திருக்க வேண்டும். பெரும் பங்கு முதலாளியுடையதே.

வாங்குபவருக்கும் பங்குண்டு. "கையிலே தொலைபேசி இருக்கிறது, தேடிப் படிக்கலாமே" என்று கடைக்காரர் கேட்டால் அதில் நியாயம் இல்லாமலில்லை. உயிரொன்றைப் பொறுப்பேற்க வருபவர் ஒரு மணித்தியாலமாவது அதைப் பற்றி அறிய முயல வேண்டும். அன்றியும், "ஒரு மாதம் பொறுங்கள்" என்று உண்மை சொன்ன கடையைவிட்டு, "இன்றைக்கே கொண்டுபோங்கள்" என்ற கடைக்குப் போகிறவர்கள் நாமல்லவா? இனிப்பான பதிலைத் தேடுபவருக்கு இனிப்பான பதிலே விற்கப்படும்.

வாயில்லாத மூன்றாம் ஆள்

கொடுக்கல் வாங்கலில் இருவர் மட்டும் இருந்தால் நட்டம் பணத்தோடு போய்விடும். இங்கே மூன்றாவதாக ஓர் உயிர் இருக்கிறது. மீனுக்கு நோவு தெரியுமா என்று கேட்போர் உளர். ஸ்கொத்லாந்திலே ஆராய்ந்த விஞ்ஞானிகள், ட்ரவுட் மீனின் தலையில் நோவூட்டுபவற்றை உணரும் நரம்பு முனைகள் உண்டென 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த உணர்வு எமது உணர்வைப் போன்றதா என்ற விவாதம் முடிந்தபாடில்லை. ஐயம் இருக்கும் இடத்தில் கருணையின் பக்கம் சாய்வதே அறிவுடைமை. இலங்கையில் 1907ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மிருகவதைத் தடைச் சட்டமே, அடைத்து வைக்கப்பட்ட மீனையும் விலங்கென்று கணக்கில் எடுத்தது. பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்று 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்குகளை விற்பதைத் தடுத்தது. மீனும் அதில் அடங்கும்.

இதற்கும் மேலாக நான் கவலைப்படுவது பிள்ளையைப் பற்றி. தன் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிரைப் பேணிக் காக்கும் முதற் பாடத்தை அந்தத் தொட்டியின் அருகிலே பிள்ளை படிக்கிறது. "செத்தால் வேறொன்று வாங்கலாம்" என்பதே அதற்குக் கிடைக்கும் பாடமானால், அந்தப் பாடம் மீனோடு நின்றுவிடுமா?

கடை வைத்திருப்போரிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. "இன்று தொட்டியை வாங்குங்கள், முறையாகப் பழக்கிய பின் மீனை வாங்குங்கள். இந்த மீன் இவ்வளவு வளரும். நீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து இதோ." இந்த நாலு வசனத்தால் இன்றைய விற்பனை சிறிது குறையலாம், ஆனால் மீனை உயிரோடு வைத்திருப்பவரே மறுமுறையும் அந்தக் கடைக்கு வருவார். தெரியாத இடத்தில், "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு சிப்பந்தி சொன்னால் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் பேச்சை நம்பி வாங்கலாம்.

வாசகர்களே, நீங்களும் கேளுங்கள்: இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்? தொட்டி எப்போது ஆயத்தமாகும்? இந்த மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அன்றைக்கு வெறுங்கையோடு வீடு திரும்புங்கள். பிள்ளை சற்று அழும். ஏன் வாங்காமல் வந்தோம் என்பதை அதற்கு விளங்கும்படி சொல்லிக் கொடுங்கள்.