தேவை எழுதுவோன்

தமிழில் 'வேண்டும்' என்பது மிகப் பெரிய சொல். தாகம் கொண்டவன் தண்ணீர் வேண்டும் என்கிறான். ஆசிரியர் மாணவனை நோக்கி, நீ படிக்க வேண்டும் என்கிறார். அடியவன் கோயிலில் நின்று இறைவனை வேண்டுகிறான். விருப்பம், இன்றியமையாமை, கடமை, இரப்பு ஆகிய நான்கும் ஒரே வினையடிக்குள் குடியிருக்கின்றன. இலக்கணம் கற்பிப்போர் இதனை வியந்து பாராட்டலாம். என் தொழிலில் இருப்பவனுக்கு இஃது ஓயாத தொல்லை.

நான் அரசு முகமை ஒன்றில் திட்டத் தேவை ஆய்வாளன். இத்தொழில் இன்னதென்று பிரிக்பீல்ட்சில் என் அண்டை வீட்டாருக்கு விளக்க முயன்று நான் ஒருநாளும் வென்றதில்லை. ஓர் அலுவலகம் தன் பணியைக் கணினிவழி நடத்த எண்ணும்போது, அதற்கு என்னென்ன வேண்டும் என்பதைப் பலரிடமும் கேட்டறிந்து, முரண்படுவனவற்றை இணக்கி, நிரல் எழுதுவோர் பிறழ உணராதபடி ஆவணமாக்கித் தருதல் என் வேலை. மலாய் மொழியில் அவ்வாவணத்தின் தலைப்பில் 'கெபெர்லுவான்' என்ற சொல் நிற்கும். தேவை என்பது அதன் பொருள். மென்பொருள் ஆக்கத்தில் மிகக் கடினமான பகுதி, எதை ஆக்குவது எனத் துல்லியமாக முடிவுசெய்வதே என்று அமெரிக்கக் கணினி அறிஞர் பிரெடரிக் புரூக்ஸ் 1986இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அவர் அதனை அறிவுக்குரிய கடினமாகக் கண்டார். அறத்துக்குரிய கடினமும் அதில் உண்டு என்பதை நான் பட்டறிந்தேன்.

ஒருவனுடைய தேவையை மற்றொருவன் எழுதலாமா? தோட்டப்புறத்தை அறிந்தோர்க்கு இது புதிய வினா அன்று. பெரட்டுக் களத்தில் கிராணி தம் காதில் விழுந்தவாறு பெயரை எழுதினார். அவர் எழுதியதே பெயராயிற்று. பின்னாளில் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக அலுவலகப் படிகளில் அலைந்தோர் நம் குடும்பங்களிலேயே இருப்பர். கிராணி கொடியவர் அல்லர். அவசரத்தில் இருந்தார், அவ்வளவே. நானும் அவசரத்தில் இருப்பவன்தான்.

பல்லூடகப் பெருவழித்தடத் திட்டம் 1996இல் தொடங்கப்பெற்றபோது, மின்னியல் அரசாங்கம் அதன் முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 2001இல் மைகார்டு வந்தது. முகப்பிடத்தில் ஓர் அலுவலர் எதிரிலிருப்பவரின் முகம் பார்த்துச் செய்த வேலைகள் பல, திரையும் படிவமுமாக மாறின. முகம் பார்ப்பவருக்குத் தயங்கவும் விலக்கு அளிக்கவும் முடியும். படிவத்துக்கு அது தெரியாது. தெரிய வேண்டுமாயின் முன்கூட்டியே எவனோ ஒருவன் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த எவனோ ஒருவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகை விண்ணப்பத்துக்கான அமைப்பு ஒன்றுக்குத் தேவை எழுதினேன். ஆறு கூட்டங்கள். மேசையைச் சுற்றி நிதிப் பிரிவு, சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு. ஆவணத்தில் 'பயனர்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அப்பயனரில் ஒருவரேனும் அம்மேசையில் அமர்ந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறுத்தவே இல்லை. பாதுகாப்புப் பிரிவினர், ஐந்து நிமிடம் அசைவின்றிக் கிடக்கும் திரையை அமைப்பு தானே மூடிவிட வேண்டும் என்றனர். எழுதிக்கொண்டேன். பார்வைக் குறையுடையோரை மறக்கலாகாது என்று நானாக நினைந்து, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஒன்றைச் சேர்த்தேன். அன்று மாலை என்மீது எனக்கே நல்லெண்ணம் மிகுந்திருந்தது.

பிரிக்பீல்ட்சில் வாழ்வோர்க்கு வெண்கோலின் ஓசை அன்றாட ஓசை. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் உள்ளது. பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களும் இங்கே பல. அவற்றுள் ஒன்றில் பணிபுரியும் பெரியவர் ஒருவர் என் தோள்வலிக்கு நெடுநாளாக மருந்து. அமைப்பு நடைமுறைக்கு வந்தபின் அவரிடம் பெருமையோடு கேட்டேன்: "அண்ணே, எழுத்தைப் பெரிசாக்க ஒரு வசதி வச்சிருக்கோம், பார்த்தீங்களா?"

அவர் சிரித்தார். "தம்பி, எழுத்து பெரிசா இருந்தா எனக்கென்ன, சின்னதா இருந்தா எனக்கென்ன? கணினி வாசிக்கிறதைக் கேட்டுத்தான் நான் நிரப்புறேன். ஒரு பக்கத்தை முழுசாக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள உங்க திரை மூடிக்கிது. மூணு தடவை பார்த்தேன். அப்புறம் அக்கா மகனைக் கூப்பிட்டு நிரப்பச் சொன்னேன். என் வருமானம் எனக்கும் அரசாங்கத்துக்கும் தெரிஞ்சாப் போதும். இப்போ வீடு முழுக்கத் தெரியும்."

உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதரை, இயந்திரம் இல்லாதவர் என்று கருதிவிட்டது. அவ்வாறு கருதும்படி எழுதிக் கொடுத்தவன் நான். அறியாமை என்று தப்பிக்கவும் வழியில்லை. 2008இல் வெளியான உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டியில், நேர வரம்பு முடியுமுன் பயனரை எச்சரித்து, அதனை நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தருதல் ஏற்கத்தக்க முறைகளுள் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது. அதே ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளர் சட்டமும், தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. இரண்டும் என் அலுவலக அலமாரியில் இருந்தன.

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு இட்டிருக்கிறார். பொருட்பாலில் ஒன்று, 71ஆம் அதிகாரம். இன்பத்துப்பாலில் ஒன்று, 110ஆம் அதிகாரம். முன்னது அரசனின் உள்ளத்தை அமைச்சன் அறிதல். பின்னது காதலர் ஒருவரையொருவர் அறிதல். மாணவர்க்கு இதனை ஒரு தேர்வு வினாவாக மட்டுமே நாம் கொடுத்துப் பழகிவிட்டோம். என் போன்றோர் முதல் குறிப்பறிதலில் கைதேர்ந்தவர்கள். இயக்குநர் புருவம் உயர்த்தினால் எந்த வரியை நீக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஒருவரின் மௌனத்தை அறிவதற்கு இரண்டாவது குறிப்பறிதலில் உள்ள அன்பு வேண்டியிருக்கிறது; அதற்கு எந்த ஆவணத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

அன்பு மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு அந்த எழுத்தைப் பெரிதாக்கும் வசதியே சான்று. கேளாமலே பிறர் தேவையை அறிந்துவிட்டதாக எண்ணினேன். இரக்கம் என்னைக் கேட்கவிடாமல் செய்தது என்றே சொல்வேன். நல்லவன் என்ற நினைப்பு வந்தபின் எவன் போய்க் கேட்பான்?

அமைப்பை மாற்றக் கோரி மனு எழுதினேன். ஒப்பமிட்டு முடிந்த ஆவணத்தில் ஒரு வரி சேர்ப்பது சுவரை இடித்துச் சன்னல் வைப்பது போன்றது. செலவும் உண்டு, முகச்சுளிப்பும் உண்டு. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்?" அக்கேள்வியில் தீமை இல்லை, பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆயினும் அதற்கு விடையளிக்க என்னிடம் எண் இல்லை. வந்து சொன்னவரை எண்ணலாம். மூன்று முறை முயன்று பேசாமல் எழுந்து போனவரை எங்ஙனம் எண்ணுவது? நான் அறிந்தவர் ஒருவர் என்றேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் சட்டத்தை எடுத்துக் காட்டினேன். சட்டத்துக்குத்தான் அசைந்தார்கள், அந்த ஒருவருக்கு அன்று. அது எனக்கு இன்றும் வருத்தமே, ஆனால் அசைந்தார்கள்.

எட்டு மாதம் சென்று எச்சரிக்கைக் குரலும் நேர நீட்டிப்பும் சேர்க்கப்பட்டன. அன்று மாலையே பெரியவரைத் தேடிச் சென்று சொன்னேன். அவர் என் தோளில் கைவைத்து, வலி எங்கிருக்கிறது என்று முதலில் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். இடத்தைச் சொன்னேன். அழுத்திக்கொண்டே, "இந்த வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சே தம்பி," என்றார். "அடுத்த வருஷம் நானே நிரப்பிப் பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன்."