உடன்படுதலும் வினையே

இல்லறத்தார் தற்காப்புக்காகச் செய்ய நேர்வது விரோதி ஹிம்சை; எண்ணித் துணிந்து செய்வது சங்கல்ப ஹிம்சை என்பர் நம் ஆன்றோர்.

1964 ஆகஸ்டு மாதம் டோங்கின் வளைகுடாவில் தம் போர்க்கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்றது அமெரிக்க அரசு. இரண்டாம் தாக்குதல் நிகழவேயில்லை. அரசின் சொல்லை நம்பிய காங்கிரஸ், வியட்நாமில் படைவலியை ஏவும் அதிகாரத்தை அதிபர் ஜான்சனுக்கு வழங்கிற்று. செனட் சபையில் எதிர்த்து வாக்களித்தோர் மோர்ஸ், குரூனிங் இருவரே. பின்னர் மக்களே வெறுத்த அப்போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரும், பல இலட்சம் வியட்நாமியரும் மாண்டனர்.

பொய்யை அடியாகக் கொண்ட தற்காப்பு, சங்கல்ப ஹிம்சையே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே. காரணம் மெய்யோ என வினவாது போருக்கு உடன்படுதல் சாவகர்க்குத் தகாது. அவ்விருவரால் போர் நிற்கவில்லை. ஆயினும் அவர்கள் உடன்படவில்லை.