உரிமை தராத உரிமைப் பேச்சு

"உங்கள் சொந்தக் கம்பெனி என்று நினைத்து வேலை பாருங்கள்" என்று சொல்லாத நிர்வாகம் இன்று குறைவு. சொந்தக்காரருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு, லாபத்தில் பங்கு உண்டு, தலைமை சரியில்லை என்றால் மாற்றும் அதிகாரம் உண்டு. இவற்றில் ஒன்றையும் தராமல் சொந்தக்காரரின் அக்கறையை மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை இரவிலும், எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவதும் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் ஆட்குறைப்பு வரும் நாளில் பட்டியலை யார் எழுதுகிறார் என்று பார்த்தால் உரிமை யாரிடம் என்பது தெரிந்துவிடும்.

கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்கள் வேறு வழி கண்டார்கள். 1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு அமல்படுத்த முனைந்தபோது, செலவு கூடும் என்று மங்களூர் முதலாளிகள் 1968-ல் கண்ணூரில் கடையைக் கட்டினார்கள். ஏறத்தாழ 12 ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று. மறு ஆண்டு, அரசின் கடனுதவியோடு, தொழிலாளர்களே பங்குதாரர்களாக 'தினேஷ் பீடி' கூட்டுறவு பிறந்தது. அங்கும் மேற்பார்வையாளர் உண்டு, இலைக் கணக்கு உண்டு, தரச் சோதனை உண்டு. ஆனால் கூட்டுறவின் அடிமட்டத்தில் இருந்த தொடக்கச் சங்கங்களின் இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பீடி சுற்றுகிறவர்களே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வட்டாரப் பீடிக் கூடங்களில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். அந்த நேரத்துக்குரிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்து அவர் கூலி குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். தனியார் காலத்திலேயே இருந்த வழக்கம் அது. பங்குப் பத்திரத்துக்கு முன்பே அங்கே பங்கிடும் பழக்கம் இருந்தது; கூட்டுறவு வேர்பிடித்ததில் அதற்கும் பெரிய பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

எல்லாரும் முதலாளி என்றால் முடிவெடுப்பது யார் என்று கேட்பார்கள். முடிவெடுக்க ஆள் வேண்டும்தான். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி. இதைவிடக் கனமான ஆட்சேபம் நஷ்டத்தைப் பற்றியது. ஸ்பெயினின் மோன்ட்ராகோன் கூட்டுறவுக் குழுமத்தைச் சேர்ந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-ல் திவாலானபோது, தொழிலாளர்கள் போட்ட மூலதனமும் போயிற்று. அது சிறிய இழப்பல்ல. ஆனாலும் அவர்களில் பலருக்குக் குழுமத்தின் மற்றக் கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. கண்ணூரில் 1968-ல் தெருவுக்கு வந்தவர்கள் எந்தப் பங்கும் வைத்திருக்கவில்லை. ஆனாலும் நஷ்டம் அவர்களையும் தேடி வந்தது. ஆக, ஆபத்தைத் தொழிலாளி எப்படியும் சுமக்கிறார். அதோடு அதிகாரத்தையும் தருவதா இல்லையா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பீடி உடலைக் கெடுக்கும் பொருள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் விற்பனை சரிந்தபோது தினேஷ் கூட்டுறவு கதவைச் சாத்தவில்லை. உணவுப்பொருள், குடை என்று வேறு தொழில்களில் இறங்கியது.

எல்லா நிறுவனமும் கூட்டுறவாக வேண்டும் என்பதில்லை. கணக்கையும் வாக்கையும் கொடுக்க மனமில்லாதவர்கள், சொந்தம் கொண்டாடச் சொல்வதை நிறுத்திவிட்டு, செய்த வேலைக்கு முறையான கூலியும் வேலை நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் உரிமையும் கொடுக்கட்டும்.