தேவசகாயம் என்னும் பெயர்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் சாலையில், கடைசிச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மொழி மெல்ல இடம் மாறுகிறது. ஒரே கடைவாசலில் மலையாளத்தில் தொடங்கிய பேச்சு தமிழில் முடிகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது. கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் அதற்குக் கட்டுப்படவில்லை. பெயர்களும் கட்டுப்படவில்லை. இருபுறத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் பாட்டனாருக்கும் பேரனுக்கும் வழங்கிவரும் பெயர்களுள் ஒன்று தேவசகாயம். பழகிய பெயரின் பொருளை நாம் நின்று கேட்பதில்லை. இங்கே சற்று நின்று கேட்போம்: துன்பம் நீங்காத இடத்தில் தேவனுடைய சகாயம் என்பது என்ன?

முதலில் அப்பெயரைத் தாங்கியவரைப் பார்ப்போம். களியக்காவிளைக்கு அப்பால், பழைய விளவங்கோடு நாட்டிலுள்ள நட்டாலத்தில் 1712இல் நீலகண்டன் பிறந்தார். பத்மநாபபுரத்தில் அரசுப் பணி செய்தார். ஒரு காலத்தில் அவருடைய கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது. மனம் சோர்ந்திருந்த அவரிடம் காரணம் கேட்டவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டு, பின்பு அதே அரசின் படைக்குப் பயிற்சியளித்த டச்சுக் கம்பெனித் தளபதி அவர். தோல்வியையும் சிறையையும் அறிந்த அந்த மனிதர், கால்நடையையும் மக்களையும் உடல் நலத்தையும் இழந்த யோபுவின் வரலாற்றை நீலகண்டருக்குச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். சூட்டப்பட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம்.

அதன் பின் நடந்தது அப்பெயருக்கே எதிர்வழக்கு போலத் தோன்றும். 1749இல் கைதானார். எருக்கம்பூ மாலையிட்டு எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊரூராகக் கொண்டுசென்றார்கள். அடித்துப் புண்ணாக்கி, புண்ணில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் கட்டிவைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்மீதான குற்றச்சாட்டு அரசைச் சார்ந்ததா, சமயத்தைச் சார்ந்ததா என்ற வழக்கு வரலாற்றாளரிடையே உண்டு. நமக்கு இங்கே வேண்டியது அதுவன்று. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் அவ்வறிவிப்பை முன்வைத்து அவருடைய துன்பத்துக்கு நியாயம் கற்பிப்பது சரியன்று. வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தவருக்கு 2022 தெரியாது. தெரியாத நிலையில்தான் அவர் நம்பினார்.

இனிப் பெயருக்குள் நுழைவோம். லாசர் என்பது எலெயாசார் என்னும் எபிரேயப் பெயரின் குறுக்கம். ‘தேவன் உதவினார்’ என்பது அதன் பொருள். ஆகவே தேவசகாயம் பொருள் அறிந்து செய்த துல்லியமான பெயர்ப்பு. யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் இப்பெயருடைய பெத்தானியா ஊரினன் நோயுறுகிறான். சகோதரிகள் இயேசுவுக்கு ஆளனுப்புகிறார்கள். இயேசு அக்குடும்பத்தை நேசித்தார் என்று நற்செய்தியாளர் ஒரு வசனத்தில் சொல்கிறார். அடுத்த வசனத்தில், நோயைக் கேள்விப்பட்ட பின்னும் அவர் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்கிறார். கிரேக்க மூலத்தில் இவ்விரு செய்திகளையும் ‘ஆகையால்’ என்னும் பொருளுள்ள ஒரு சிறு சொல் இணைக்கிறது. ‘ஆனாலும்’ என்றிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். நேசித்தார், ஆகையால் தாமதித்தார் என்று வாசிக்கும்போது நாக்குத் தடுக்குகிறது. அந்தத் தடுக்கலை அவசரமாகச் சமப்படுத்திவிட வேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். சகோதரிகளும் அதைச் சமப்படுத்தவில்லை. வந்தவரிடம் குறையை நேராகவே சொன்னார்கள். அவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார்.

சகாயம் என்பதை நாம் உதவி என்று மட்டும் கொள்கிறோம். வடமொழியில் ‘சஹாய’ என்பது உடன் செல்பவன், வழித்தோழன். ‘சஹ’ என்றால் உடன். ‘அய’ என்றால் செல்லுதல் என்று பிரித்துக் காட்டுவோரும் உண்டு. நம் ‘துணை’யும் இதே வழியில் நடந்த சொல். இருட்டில் கிணற்றடிக்குப் போக அஞ்சும் பிள்ளை, “அம்மா, துணைக்கு வா” என்கிறது. அம்மா வந்ததால் இருட்டு விலகுவதில்லை. கிணற்றடி கிட்டே வருவதுமில்லை. ஆயினும் பிள்ளை போய் வருகிறது. இருட்டை அகற்றாதவள் துணை அல்லள் என்று எந்தப் பிள்ளையும் வழக்குரைப்பதில்லை. கடிதத்தின் தலைப்பில் ‘கர்த்தர் துணை’ என்று எழுதிய நம் பெரியவர்கள், உள்ளே எழுதியது பெரும்பாலும் கடனும் காய்ச்சலுமாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே தாளில் முரணின்றி இருந்தன.

இனி ‘சோதனை’. களியக்காவிளைப் பகுதியினருக்கு இச்சொல் முதலில் நினைவூட்டுவது எல்லையின் சோதனைச் சாவடியை. லாரியில் இல்லாத சரக்கை அங்கே யாரும் ஏற்றுவதில்லை, இருப்பது வெளிப்படுகிறது. வடமொழி வேர் இன்னும் ஒரு படி கீழே போகிறது: ‘சோதன’ என்பது சுத்தம் செய்தல். யோபுவும் தன்னைப் புடமிட்ட பொன்னோடு ஒப்பிட்டான். ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. துன்பம் தானாகவே மனிதனைச் சுத்தமாக்கும் என்று சொல்லிவிட முடியாது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்னும் பழைய பலாமரம் உண்டு. எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூரின் மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் வழக்கு. பின்னாளில் அவருடைய ஆட்சியில்தான் தேவசகாயம் கட்டுண்டு கிடந்தார். துரத்தப்பட்டவருக்குத் துரத்தப்படுபவனின் வலி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி நேர்வதில்லை. நெருப்பு பொன்னையும் உருக்கும், களிமண்ணையும் இறுக்கும். எனவே துன்பத்தையே தேவ அன்பென்று போற்றுவது நம் நோக்கமாகாது. அன்பு வேறு, நெருப்பு வேறு. நெருப்புக்குள்ளும் கைவிடாத ஒருவர் உண்டா என்பதே கேள்வி.

யோபு நூல் இக்கேள்வியை 42 அதிகாரங்களில் சுமக்கிறது. அதன் அமைப்பில் நாம் எளிதில் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: பரலோகத்தில் நடந்த உரையாடலைச் சொல்லும் முதல் இரண்டு அதிகாரங்கள் வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. 38ஆம் அதிகாரத்தில் தேவன் பேசும்போதும் காரணத்தைச் சொல்வதில்லை, கேள்விகளையே கேட்கிறார். யோபு பெற்றது விளக்கத்தை அன்று, சந்திப்பை. அதற்கு முன் வந்த மூன்று நண்பர்களோ விளக்கம் நிறைய வைத்திருந்தார்கள். அவர்கள் தொடக்கத்தில் நல்லதையே செய்தார்கள். நம் ஊரில் துட்டி கேட்கப் போகிறவர்களைப் போல வந்து, ஏழு நாள் ஏழு இரவு தரையில் உடன் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் சகாயராக இருந்தார்கள், அதாவது உடனிருந்தார்கள். வாய் திறந்து, நீ என்ன பாவம் செய்தாய் என்று தேடத் தொடங்கியபோது அந்நிலை போயிற்று. முடிவில் தேவன் அவர்களையே கடிந்துகொள்கிறார்; முறையிட்டுக்கொண்டே இருந்த யோபு தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். துட்டி வீட்டில் காரணம் சொல்லத் துடிக்கும் நம் நாவுக்கு இதைவிடக் கடுமையான கட்டளை தேவையில்லை.

எஞ்சியிருப்பது ‘நம்பு’ என்னும் சொல். தொல்காப்பியர் உரியியலில் இதற்குத் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். நம்புதல் என்பது நம் மொழியின் பழைய வழக்கில் அன்பின் ஒரு வடிவம். சான்று பார்த்து ஒப்புக்கொள்வது பின்னர் வந்து சேர்ந்த பொருள். விசுவாசம் என்னும் சொல்லிலோ மூச்சு இருக்கிறது: ‘ச்வஸ்’ என்பது மூச்சுவிடுதல், அச்சமின்றி ஆற மூச்சுவிடுவதே விசுவாசம். ஆசுவாசம் இதன் உடன்பிறப்பு. இரண்டையும் சேர்த்து நினைத்தால், தேவ அன்பை நம்புவது என்பது எல்லாம் நலமாகும் என்று கணிப்பது ஆகாது. நேசிக்கிறவர் அருகே மூச்சு சீராகும் நிலையை ஒக்கும் அது. காய்ச்சல் இறங்கியிராது, கடன் தீர்ந்திராது, மூச்சு மட்டும் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும்.

இப்பொருளில் நான் அதிகம் நினைப்பது தேவசகாயத்தை அன்று, அவருடைய மனைவியை. பார்கவி என்னும் இயற்பெயருடைய அவர் கணவரின் வழியைப் பின்பற்றி ஞானப்பூ ஆனார். காற்றாடிமலையோடு கணவரின் சோதனை முடிந்தது; அவருடையது அன்று தொடங்கியது. சொந்த ஊருக்கு அவர் திரும்பவில்லை. கணவருக்கு அந்தப் புதிய பெயர் சூட்டப்பட்ட வடக்கன்குளத்திலேயே தங்கினார், அங்கேயே இறந்தார், அந்த மண்ணிலேயே அடக்கமானார்.