வைக்கோல்போரும் 17 குடிசைகளும்

"நெருப்புக்குச் சாதி கெடையாதுடா" என்று அப்பா சொல்வார். தீயணைப்புத் துறையில் 32 வருஷம் இருந்தவர், சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நெருப்புக்கு இல்லாமல் இருக்கலாம், கீற்றுக்கு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தது அடுப்புப் பொறி பறந்தா? 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியில் கல்வீடு கட்டியிருந்தவர்களும் தப்பவில்லை. கீற்றைக் கழற்றிப் போட்டாலும் விடமாட்டார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். முக்கால்வாசி நாள் நிலையத்திலேதான் கிடப்பார். வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் கிடையாது. தூரத்தில் கோயில் மணி அடித்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வார். "எனக்குத் தாலி கட்டுனது இவரு, இவருக்குக் கட்டுனது அந்த மணி" என்பாள் அம்மா.

வண்டித் தொட்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு பக்கத்துக் குளத்தில் உறிஞ்சுகுழாயை இறக்கவேண்டும். ஊர்த்தெருக் குளத்தில் எங்கள் ஆட்கள் கால் நனைக்க முடியாத காலம் அது. அப்பா காக்கி உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாயைப் பிடிப்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தீ அணைந்த பிறகுதான் "நீ எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். குடிக்கிற தண்ணீரைக் கையில் ஊற்றுவார்கள். 1927இல் மகத் குளத்தில் ஒரு கை நீரை அள்ளிக் குடிக்க அம்பேத்கர் அவ்வளவு பெரிய போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. இங்கே ஒரு வைக்கோல்போர் பற்றிக்கொண்டால் போதும், குளம் திறந்துகொள்ளும். அணைந்தால் மூடிக்கொள்ளும்.

1983 மே மாதம். பக்கத்து ஊரில் ஒரு பண்ணையார் வீட்டு வைக்கோல்போர் எரிகிறது என்று வண்டி போய்விட்டது. அதே மத்தியானம் எங்கள் காலனி பற்றிக்கொண்டது. பெரியப்பா மகன் சைக்கிளில் நிலையத்துக்குப் போய், வண்டி இல்லை என்றதும் அங்கிருந்து போர் எரிகிற இடத்துக்கே மிதித்துக்கொண்டு போனான். குழாய் முனை அப்பா கையில். "சித்தப்பா, நம்ம தெரு எரியுது. ஆயா உள்ள இருக்கு." அப்பா அதிகாரியைப் பார்த்தார். "இது முடியட்டும்" என்றார் அவர். அப்பா திரும்பிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சினார்.

வண்டி வந்தபோது 17 குடிசையும் தரையோடு கிடந்தது. ஆயாவை வேப்பமரத்தடியில் வாழையிலையில் போட்டிருந்தார்கள். மூணாம் நாள் போய்விட்டது.

அப்பாவின் வாதம் இது: "கொழாயப் போட்டுட்டு ஓடியாந்தா என்ன சொல்லுவான்? பாரு, சாதிக்காரன் வூடுன்னதும் ஓடிட்டாம்பான். அப்பறம் நம்ம புள்ள எவனும் அந்த வேலைக்குப் போகமுடியாது." இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. மற்றவன் தன் சாதிக்காரனுக்கு ஓடினால் அது உறவு, நன்றி, ஊர்ப்பாசம். நாம் ஓடினால் மட்டும் அது சாதிவெறி. நடுநிலை என்பதை நம்மிடம் மட்டும்தான் ரெண்டு மடங்காகக் கேட்கிறார்கள்.

ஆனால் நான் உறவுக்காக ஓடிவரச் சொல்லவில்லையே. ஒரு பக்கம் வைக்கோல், ஒரு பக்கம் ஆள். உள்ளே இருந்தது பண்ணையார் வீட்டுக் கிழவி, எரிந்தது எங்கள் வைக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி "இது முடியட்டும்" என்றிருப்பாரா? அப்படியானால் நடுநிலைக்காரன்தான் அன்றைக்குக் குழாயை இறக்கி வைத்திருக்கவேண்டும். அப்பா பிடித்துக்கொண்டு நின்றது வெறும் விதியை. 'சாதியை ஒழிக்கும் வழி'யில் (1936) அம்பேத்கர் விதியையும் கோட்பாட்டையும் பிரித்துக் காட்டுகிறார். விதி இன்னதைச் செய் என்கிறது. கோட்பாடு எதைச் செய்வது என்று நம்மையே எடைபோடச் சொல்கிறது. அதனால் பொறுப்பும் நம்முடையதாகிறது. கல்லூரியில் அதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு அப்பா ஞாபகம்தான். உத்தரவு போட்டவரை அல்ல, அப்பாவை மட்டும் நினைத்தேன் என்பதை இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர்களுக்கும் நினைவு நாள். 1944இல் அன்றைக்குத்தான் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் சேர்த்து ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். அப்பா காலையில் நிலையத்தில் அவர்களுக்காக விறைப்பாக நிற்பார். சாயங்காலம் காலனியில் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவார். உத்தியோகம் பார்ப்பவர் என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். 1984இல் யாரும் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. உடுப்பைக்கூட மாற்றாமல் கடைசியில் நின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்று ரொம்ப நாள் கழித்து ஒருநாள், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: "கொழாய வுட்டுட்டு வந்துருக்க முடியாதுடா. ஆனா, ஐயா அங்க ஆளு இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். வாயி வரல."

அம்மா திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப வருதாக்கும்" என்றாள், தலை நிமிராமல்.