பட்டியலில் யார் பெயர்?

2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளில் தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், முகவரி, கைரேகை விவரங்கள் அதில் உண்டு. தொடக்கத்திலேயே 4 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள். ஆனால் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே அதைப் பார்க்க முடியும். அன்று எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவன் யாரென்று ஒரு தாய்க்குத் தெரியக்கூடாதா? அமெரிக்காவில் தெரிகிறதே என்று நண்பர்களிடம் வாதிட்டேன்.

அமெரிக்காவில் அந்தச் சட்டம் பிறந்ததற்கும் ஒரு குழந்தையின் மரணமே காரணம். 1994இல் நியூ ஜெர்சியில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமியைக் கொன்ற அண்டைவீட்டுக்காரன், முன்பே சிறுமிகளிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவன். அது தெரிந்திருந்தால் மகளைக் காப்பாற்றியிருப்போமே என்ற பெற்றோரின் அழுகைக்கு யார் மறுமொழி சொல்ல முடியும்? 1996இல் மேகன் சட்டம் நாடு முழுமைக்குமானது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் குற்றத்தின் தன்மைக்கேற்ப 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் முழுவதும் என்று பதிவுக்காலத்தை வகுத்தது. பதிவு செய்யத் தவறினால் கூட்டாட்சிச் சட்டப்படி 10 ஆண்டுவரை சிறை.

இவ்வளவு இருந்தும், இது தண்டனையே அல்ல, பொதுப் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறைதான் என்று 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால், சட்டம் வருவதற்கு முன் செய்த குற்றத்துக்கும் அது பொருந்தும் என்றானது. பெயரை மாற்றி வைத்தால், ஒரு தண்டனையிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடலாம். மயாமியில் பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக்கூடாது என்ற விதியால், விடுதலையானவர்கள் ஒரு பாலத்தடியில் கூடாரமடித்து வாழ்ந்தார்கள். வீடும் வேலையும் இல்லாதவர்களை ஓரிடத்தில் குவித்து வைப்பதால் எந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு?

ஆனாலும் என் மனதை மாற்றியது அந்தப் பாலம் அல்ல. குற்றவாளிமேல் இரக்கப்பட்டு இதை எழுதவில்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விதான் காரணம்.

அவளுடைய எட்டு வயது மகளிடம் அத்துமீறியவன் அவளுடைய சொந்தத் தம்பி. குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன். புகார் கொடுக்கப் போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, பேப்பர்ல பேரு வந்துருமா?”

“பாப்பா பேரு வராதும்மா. போடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

“அவன் பேரு வந்தாலே போதுமேக்கா. அவன் எந்தம்பின்னு ஊருக்கே தெரியும். பாப்பா பேரு வந்த மாதிரிதானே?”

நான் வாதிட்ட பொதுப் பட்டியல் அன்று நடைமுறையில் இருந்திருந்தால், அவளுக்கு என்ன சொல்லியிருப்பேன்? போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் பெயரை மட்டுமல்ல, முகவரி, குடும்ப விவரம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்கிறது. தகப்பனோ மாமனோ செய்த குற்றத்தைப் படத்தோடும் முகவரியோடும் அரசே வெளியிட்டால், அந்த வீட்டுக் குழந்தை யாரென்று கண்டுபிடிக்க ஊருக்கு எவ்வளவு நேரமாகும்?

பட்டியல், முகம் தெரியாத ஒருவனை மனதில் வைத்து எழுதப்படுகிறது. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. அந்நியனைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு, வீட்டுக்குள் இருப்பவனைப் பற்றிப் பேச வரும் பெண்ணின் வாயை அடைத்துவிடக்கூடாது. முதல் புகாரே வராவிட்டால் அவன் எந்தப் பட்டியலிலும் ஏறப்போவதில்லை.

1989இல் மினசோட்டாவில் 11 வயது மகன் ஜேக்கப்பைக் கடத்தலில் இழந்தவர் பேட்டி வெட்டர்லிங். பதிவேட்டுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மகனின் பெயரைத் தாங்கியது. அதற்காகப் போராடிய அவரே பிற்காலத்தில், இந்தப் பதிவேடுகள் போகும் போக்கைப் பற்றி வெளிப்படையாக ஐயம் எழுப்பினார். அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

பட்டியல் காவல்துறையிடம் இருக்கட்டும். பள்ளியிலோ விடுதியிலோ ஆளெடுக்கும்போது அதைச் சரிபார்ப்பது கட்டாயமாகட்டும். ஊர்ப்பார்வைக்கு வேண்டாம் என்று இன்று சொல்கிறேன். அந்தப் பெண் புகார் கொடுத்தாள். விசாரணையைக் கூடியவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. வழக்கு இன்னும் நடக்கிறது. நம் கோபத்தை முதலில் அங்கே கொண்டுபோவோம்.